தம்பி அனுப்பிய மருதம்பட்டை

ஓமலூரை விட்டு நான் நடந்துகொண்டிருந்தேன். முதலில் பஸ்ஸில்தான் ஏறினேன். இரண்டு நிறுத்தம் போவதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கண்டக்டர் வந்து, பையில் எதையாவது செத்ததை வைத்திருக்கிறேனா என்று கேட்டார். திறந்து காட்டினேன். ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு சோப்புப் பெட்டி. நாற்றம் பையில் இல்லை, என் மேல்தான் என்று தெரிந்ததும் விசில் ஊதி இறக்கிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சேலம் வரை நடந்தேன். அங்கிருந்து திருச்செங்கோடு வரை மாட்டுத் தீவனம் ஏற்றிய லாரியில் பின்னால் மூட்டைமேல் படுத்து வந்தேன். அதன்பின் ஜேடர்பாளையம் வரை பாதி நடை, பாதி சைக்கிள். எந்த நாற்றத்துக்காக என்னை இறக்கிவிட்டார்களோ, அதைத்தான் ஜேடர்பாளையத்தில் என் அண்ணன் தினமும் காலையில் பாலில் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார். அதை அனுப்பியவன் நான்.

அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுத வேண்டும் என்றபோது, பிறந்த ஊர், பெற்றோர் என்று தொடங்கச் சொன்னார்கள். எனக்கு அந்தச் சாலையிலிருந்துதான் தொடங்க வருகிறது. அதற்குக் காரணமும் உண்டு. அண்ணனின் கருமாதிக்கு வந்த நம் உறவினர் ஒருவர், பந்தலில் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன்பே, அண்ணனின் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். மருதம்பட்டைப் பொடி போட்டு விற்கிறாராம். இருதய நோயோடு இத்தனை வருஷம் அண்ணன் உயிரோடிருந்தது பட்டையால்தான் என்று உறைமேல் அச்சடிக்கப் போகிறாராம்.  படம் தரவில்லை. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் அந்தப் பேச்சு நம் ஜனங்களிடம் பரவிவிட்டது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். அந்த உறவினரும் இந்த மலரை வாங்குவார். படிக்கட்டும்.

அண்ணன் பிறந்தது ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாசனமுள்ள எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில். அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. எனக்குப் பால் பற்கள் விழவில்லை. ஏர் பிடித்தார், மஞ்சள் வைத்தார், கரும்பு வைத்தார், அம்மாவுக்குக் கொள்ளி வைத்தார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஏழாவது வகுப்பில் நான் ஓடிப்போனேன். லாரியில் கிளீனர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் குழாய் மாட்டுகிறவன், தம்மம்பட்டியில் மரவள்ளி மூட்டை சுமப்பவன் என்று எதிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் எங்கே போனாய் என்று அண்ணன் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்பார். நான் மறுபடி கிளம்பும்போதும் அதே கேள்விதான். இதற்கெல்லாம் பதிலாக, ஓமலூர்ப் பக்கம் ஒரு மருந்துப் பட்டைக் கிடங்கில் சேரும் வரைக்கும் நான் வீட்டுக்கு அனுப்பியது ஒன்றுமில்லை. ஒரு பழம்கூட இல்லை.

கிடங்கில் முதலில் எனக்கு உறை மடிக்கும் வேலை. இருதய பலத்துக்கு மருதம்பட்டைச் சூரணம் என்று உறையில் பெரிதாகப் போட்டிருக்கும். கீழே சின்ன எழுத்தில், மற்ற மாத்திரைகளை அறவே நிறுத்தவும் என்றிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியும். அந்த வரியை ஒரு நாளைக்கு நூறு முறை என் கையால் மடித்தேன். அந்தச் சமயம் அண்ணனுக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது, பரமத்தி வேலூரில் மருத்துவர் இருதயம் பலவீனம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆறு உறைகளை மஞ்சள் பையில் போட்டு, எங்கள் ஊர்ப்பக்கம் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் என்னைக் காயவைக்கும் களத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் தெரிந்தது. வாய்க்கால் கரையிலும் ஆற்றோரத்திலும் உரித்து வந்த மருதம்பட்டை மூன்று மூட்டை என்றால், தோல் பதனிடும் இடத்திலிருந்து வந்த கழிவுப் பட்டை ஏழு மூட்டை. ஆவாரம்பட்டையை இடித்துத் தொட்டியில் போட்டு, அதில் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் ஊறவைப்பார்கள். சாரம் போன பிறகு அந்தப் பட்டையை வெளியே கொட்டுவார்கள். அடுப்பெரிக்கக்கூட முகம் சுளிப்பார்கள். அதைத்தான் இங்கே வாங்கிக் காயப்போட்டு, செங்கல் தூள் தூவி நிறம் ஏற்றி, மருதத்தோடு சேர்த்து அரைத்தார்கள். நான் கால்களால் அதைக் கிளறிவிடுவேன். விரல் இடுக்கில் மயிர் சிக்கும். சில துண்டுகளில் தோலின் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். எலி அதைத்தான் தேடி வந்து தின்றுவிட்டு அங்கேயே புழுக்கையும் போட்டுவிட்டுப் போகும். அதுவும் அரைவைக்குள் போகும்.

முதலாளியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னது இது:

"சாராயத்துல பட்டை போடறான். குடிச்சவன் எவனாச்சும் எந்த மரத்துப் பட்டைன்னு கேட்டானா? கொதிக்க வெச்சா எல்லாஞ் செத்துப்போகும். நீ போயி கெளறு."

நான் போய்க் கிளறினேன். அதை மறைக்கப் போவதில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் கிளறினேன். அண்ணனுக்கு அனுப்பியது நினைவில் இருந்தது. அவர் ஆசுபத்திரி மாத்திரை சாப்பிடுகிறவர், இதை ஒரு வாய் குடித்துவிட்டுக் கசப்பு தாங்காமல் எறிந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதம் எழுதவும் வெட்கமாக இருந்தது. முதல் முதலாக அனுப்பியதை எப்படித் திருப்பிக் கேட்பது?

அந்த லாரி டிரைவர் மறுபடி வந்தபோது என்னைத் தட்டிக்கொடுத்தார். உங்கண்ணன் உன் பொட்டணத்தைத்தான் சாப்பிடுகிறார், உறையில் போட்டபடி மாத்திரையை நிறுத்திவிட்டார், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தம்பி அனுப்பியது என்று காட்டுகிறார், கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்றார். நான் கால்களைக்கூடக் கழுவாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள் முற்பகல். அண்ணன் வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலில் மரத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று நாளாகப் படுக்கவில்லையாம். இரண்டு கால்களும் முழங்கால் வரை வீங்கிப் பளபளவென்று இருந்தன. அண்ணி விரலால் அழுத்திக் காட்டினார். குழி விழுந்தது, எழும்பவில்லை. என்னைப் பார்த்ததும் அண்ணன் சாப்பிட்டாயா என்றார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தோல் தொட்டி, மயிர், எலி, செங்கல், உறையில் உள்ள வரி, நான் இரண்டு மாதம் வாய் மூடி இருந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டுத்தறிப் பக்கம் போனார். அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு மாசமா நாஞ் செருப்பக் காச்சிக் குடிச்சிருக்கறேன்" என்றார். "அதான் காலு செருப்புக்குப் பத்தாம பெருத்துப் போச்சு."

சிரிக்கப் போனார். சிரிப்பு இருமலாகிவிட்டது. திரும்பி வந்த அண்ணி சொன்னார்:

"நாத்தமடிக்குதுங்கன்னு அன்னைக்கே சொன்னனுங் கொழுந்தனாரே. தம்பி அனுப்புனது, மருந்துன்னா அப்பிடித்தான் இருக்கும்னு சொல்லிப்போட்டாரு. ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சாரு."

என் வாழ்நாளில் என்னைப் பற்றி யாரும் சொன்ன எந்த வசவும் அந்த வார்த்தைகளைப் போல என்னை அறையவில்லை.

உடனே ஆசுபத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்றேன். பக்கத்துக் கரும்பாலைக்காரர் ஜீப்பை அனுப்பச் சம்மதித்துவிட்டார். ஜீப் வந்து வாசலில் நின்றது. அண்ணன் ஏற மறுத்தார். ஆறு உறையில் மூன்றை அவர் மூன்று வீடுகளுக்குக் கொடுத்திருந்தார். ஒரு வீட்டில் மருமகள் முழுகாமல், வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறாள்.

"மொதல்ல அந்த மூணு பொட்டணமும் இங்க வரோணும். அப்பறந்தான் நான் ஏறுவேன். என்ற பேரச் சொல்லிக் குடுத்திருக்கறேன்."

அவர் பேச ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு தேவைப்பட்டது. வாதாட நேரமில்லை. நான் ஓடினேன்.

இரண்டு வீடுகளில் சொன்ன உடனே கொடுத்துவிட்டார்கள். முழுகாமல் இருந்த பெண் அதைத் தொடவே இல்லை. நாற்றம் பிடிக்காமல் மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தாள். அவள் மூக்கு அவளைக் காப்பாற்றியது. மூன்றாவது வீடு எங்களுக்கு மாமன் முறையாகும் பெரியவருடையது. அவருக்கு அந்தப் பொடியால் முழங்கால் வலி போய்விட்டதாம். தர முடியாது என்று உட்கார்ந்துவிட்டார்.

"உங்கண்ணன் குடுத்தான், வாங்கிக்கிட்டேன். ஊரு சுத்தறவன் நீ வந்து கேட்டா திருப்பித் தருவனா? நல்ல சரக்குன்னு தெரிஞ்சு நீயே விக்கப் பாக்கறயா?"

சத்தம் கேட்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் அங்கே கொடியில் காய்ந்த அவருடைய வெள்ளை வேட்டியை எடுத்து வாசலில் விரித்தேன். அவர் பக்கத்தில் இருந்த உறையை எடுத்துக் கொஞ்சம் பொடியை அதன்மேல் கொட்டி, வேட்டியை இரண்டு முனைகளில் பிடித்து உதறினேன். மென்மையான தூள் பறந்துபோனது. கொட்டாமல் வேட்டியின் நூலில் குத்தி நின்றவை மயிர்கள். வெள்ளையும் செம்பட்டையும் கறுப்புமாக, குட்டை குட்டையாக. பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்து, மாமாவின் முழங்கால் வலியை ஆடு வாங்கிக்கொண்டதோ மாடு வாங்கிக்கொண்டதோ என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாமன் வேட்டியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, நீ சொன்னது நிஜந்தான் என்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். நான் மீதியை உறையோடு எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன்.

மூன்று உறைகளையும் வேப்பமரத்தடியில் வைத்த பிறகுதான் அண்ணன் ஜீப்பில் ஏறினார்.

மருத்துவர் அண்ணனைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். அவர் கொடுத்த மாத்திரைதான் உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதால் நீர் காலில் இறங்கி நெஞ்சிலும் ஏறிவிட்டது என்றார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அண்ணன் உட்கார்ந்தபடியே மூச்சு முட்டிப் போயிருப்பார். ஊசி போட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அண்ணன் தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தார்.

அதன்பின் அண்ணன் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். அவர் மருதம்பட்டைக் கஷாயம் குடித்தது உண்மைதான். ஆனால் எப்படிக் குடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்பவர் யாரும் இல்லை, ஆகவே நான் சொல்கிறேன். வீடு திரும்பிய பின் மருத்துவரிடமே கேட்டார். மாத்திரையை நிறுத்தக் கூடாது, குடிப்பதாக இருந்தால் தன்னிடம் சொல்லிவிட்டு அளவாகக் குடிக்க வேண்டும், தலை சுற்றினால் உடனே விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்து அழுத்தம் மிகவும் இறங்கிவிடலாமாம். அண்ணன் அதை ஒரு நாளும் மீறவில்லை.

பட்டையை எங்கள் வாய்க்கால் மேட்டு மரத்திலிருந்து மட்டுமே எடுப்பார். முற்றிய மரத்தில், ஒரு பக்கம் மட்டும், ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். சுற்றிவர உரித்தால் மரம் பட்டுப்போகும். உரித்த இடத்தில் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசுவார். மேல்தோலைச் சுரண்டிவிட்டு, நிழலில் காயவைத்து, வீட்டு உரலில் இடிப்பார். அரைத்த பொடியை யாரிடமும் வாங்க மாட்டார். துண்டாக இருந்தால் அது என்ன பட்டை என்று பார்க்கலாம், முகரலாம், கடித்துப் பார்க்கலாம். பொடியானால் அதில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்கும் அரைத்தவனுக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு சின்னக் கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளர் பால். மண்சட்டியில் தண்ணீர் சுண்டி வெறும் பால் நிற்கும் வரை காய்ச்சி, காலையில் ஒரு வேளை. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கறுத்துப்போகும். ஈயம் பூசாத பித்தளையில் காய்ச்சினால் களிம்பு இறங்கி வாந்தி வரும். ஒரு மண்டலம் குடித்தால் அடுத்து ஒரு மண்டலம் விடுவார். அதிகமானால் மலம் கட்டிக்கொள்ளும். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கவும் ஆறாத புண்ணைக் கழுவவும் அதன் கஷாயத்தைக் கேட்பவர்களுக்குக் கொடுப்பார். முழுகாமல் இருப்பவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் தரமாட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று வந்தால் பட்டை தரமாட்டார், பஸ்ஸுக்குக் கூட்டிப் போய் ஏற்றிவிடுவார். பட்டையால் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது என்று அவர் சொல்வார். அதை நான் மறுக்கவில்லை. அவரை உயிரோடு வைத்தது பட்டை என்று சொல்கிறவர்களைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, மாதம் தவறாமல் ஆசுபத்திரி, அண்ணியின் கை. அவரை உயிரோடு வைத்தவை இவைதான்.

கடைசி ஒரு மாதம் அவருக்கு மறுபடி நீர் கோர்த்தது. இந்த முறை மாத்திரைக்கும் அடங்கவில்லை. அந்த நாட்களில் பட்டையை அவர் தொடவே இல்லை. பார்க்க வந்தவர்களில் சிலர் பைக்குள் கொண்டுவந்த லேகியம், பஸ்பம், வேர் எல்லாவற்றையும் அண்ணி வாங்கி மரியாதையாக அலமாரியில் வைத்தார். நான் மறுநாள் குப்பையில் கொட்டினேன். யாருக்கு வருத்தமோ தெரியாது. இப்போது சொல்லிவிட்டேன்.

அவரைத் தன் அப்பாவைப் போலப் பார்த்த மருத்துவருக்கும், ராத்திரி பகல் பாராத செவிலியர்களுக்கும், ஜீப்பை அன்று மட்டுமல்ல, கேட்டபோதெல்லாம் அனுப்பிய ஆலைக்காரர் குடும்பத்துக்கும், வேட்டி பாழான பிறகும் உண்மையை ஒப்புக்கொண்ட மாமனின் வீட்டாருக்கும், இழவுக்கு வந்து மூன்று நாள் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த உற்றார் ஒறம்பறைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்தக் கடனைத் தீர்க்க முடியாது. அண்ணியின் பெயரால் கும்பிடுகிறேன்.

ஒன்று பாக்கி. ஊசி போட்ட அன்று சாயங்காலம், ஆசுபத்திரிக் கட்டிலில் அண்ணன் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எங்கே போவது என்று எனக்கே தெரியாது. கரூர் பக்கம் போகலாம் என்று ஒரு யோசனை. அண்ணன் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"இனிமே பொட்டணமெல்லாம் அனுப்ப வேண்டாஞ் சாமி. நீ பக்கத்துல இருந்தாப் போதும்."

நான் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் விடிந்ததும் ஊருக்குப் போய், எங்கள் வாய்க்காலில் இறங்கி, தேங்காய் நாரும் மண்ணும் போட்டுக் கால்களைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு ஆலைக்காரரிடம் போய் வேலை கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எத்தனை நாளைக்கு என்றார். அண்ணன் இருக்கிற வரைக்கும் என்றேன். நீளக் காம்பு போட்ட கண் சல்லடை ஒன்றைக் கொடுத்து, வெல்லம் காய்ச்சும் கொப்பரை ஓரத்தில் நிறுத்தினார். கருப்பஞ்சாறு கொதித்து மேலே பொங்கிவரும் கறுப்பு அழுக்கை, அடங்குவதற்குள் அரித்தெடுத்து வெளியே கொட்ட வேண்டும். அதுதான் வேலை.